சுத்தமான கரன்ட்

மாதேஷுக்கு ஒரே ஓர் ஆசைதான். கலைமணியின் முகத்தை ஒருமுறை தெளிவாகப் பார்த்துவிட வேண்டும்.

கலைமணி அவர் மனைவி. அதியமான்கோட்டையில் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்துத்தான் கிரகப்பிரவேசம் நடந்தது. அப்படியிருக்க, கிரகப்பிரவேச வீடியோவில் அவள் எப்படி வந்தாள்? அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது! ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் போட்டால், ஐயர் ஓமம் வளர்க்கும் இடத்தில், ஜன்னலோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பாள். அதுவும் காலையில், சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஓடி கரன்ட் தள்ளாடும் நேரத்தில் மட்டும். அவரைப் பார்த்தபடிதான் இருப்பாள். புடவை தெரியும், கொண்டை தெரியும், முகம் மட்டும் கோடுகோடாய்க் கலைந்துபோகும்.

பெங்களூரில் இருக்கும் மகள் பாரதி, அவர் சொன்னதைக் கேட்டு அதே வீடியோவைப் பார்த்துவிட்டு, "அங்க காலி சேருதான் இருக்குதுப்பா. உடம்பப் பாத்துக்க" என்றாள். அதன்பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படத்தில் கோடு விழாது என்று யூடியூபில் பார்த்து, கரன்டைச் சுத்தம் செய்து அனுப்பும் பவர் கண்டிஷனர் ஒன்றை வாங்கினார். அதை மாட்டுவதற்குக் கடத்தூரிலிருந்து டிவி மெக்கானிக் முருகேஷைக் காலையிலேயே வரவழைத்தார்.

"எதுக்குங்கண்ணா இது? டிவி கெடாம இருக்கும், அது சரி. படம் ஒரு நூல்கூட மாறாதுங்க. யூடியூப்ல கண்டதையும் சொல்லுவானுங்க."

"உன்கிட்ட யோசனையா கேட்டேன்? மாட்டுப்பா."

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம் மனுஷனுக்கு. முருகேஷ் மாட்டிக் கொடுத்தான். வீடியோ ஓடியது. படத்தில் ஒரு கோடு இல்லை. ஓமப்புகை தெரிந்தது, தோரணத்து மாவிலை தெரிந்தது. ஜன்னலோரச் சேர் காலியாக இருந்தது.

மாதேஷ் பெட்டியைக் கை காட்டினார். "ஐயையோ, கழட்டு! கழட்டுடா மொதல்ல!"

"நல்லாத்தானங்கண்ணா ஓடுது..." முணுமுணுத்துக்கொண்டே முருகேஷ் பெட்டியைக் கழற்றி, டிவியை நேராகச் சுவர் பிளக்கில் சொருகினான்.

பாவி, இருந்தவளை நானே துரத்திவிட்டேனே என்று மாதேஷ் துடித்துப்போனார். ரிமோட்டை அழுத்தினார். திரையில் கோடுகள் நெளிந்தன. புகை வந்தது, ஜன்னல் வந்தது. சேரில் அதே புடவை. வந்துவிட்டாள்!

"அண்ணா," என்றான் முருகேஷ். திரையை விரலால் காட்டினான். "இந்தச் சேர்ல இப்பத்தான் யாரும் இல்லாம இருந்துச்சுங்களே. இது யாருங்க?"

அவன் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் கையில் பிடித்தபடி வெளியே ஓடினான்.

மாதேஷ் டிவிக்குப் பக்கத்தில் போய் மண்டியிட்டார். படம் முழுக்கக் கோடு ஓடியது, அவள் மேல் மட்டும் ஒன்றுகூட இல்லை. கொண்டையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. சேரை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கலை, தெரியாம பண்ணிட்டேன். இது உன் வூடு. இங்க பாரு, ஒரு தடவ பாரு" என்று கெஞ்சினார்.

அவள் திரும்பவில்லை.