நான்காவது நாணயம்

ஏலம் முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் மூன்று முறை தண்ணீர் குடித்து, ஒரு முறை சட்டையும் மாற்றியிருந்தார். ஒரு வெள்ளி நாணயத்தை ஆன்லைனில் ஏலம் கேட்கப் புதுச் சட்டை எதற்கு என்று கேட்டேன். போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம்கூட மனுஷியை நிம்மதியாகச் சாப்பிட விடாத பிறவி.

"உக்காந்துதான் பாருங்களேன். நடந்தா நாணயம் கிட்ட வந்துடுமா?"

"நீ சும்மா இரு. இந்தத் தடவை தப்பாப் போச்சுன்னா அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கடைசியாக வாங்கிய மூன்று நாணயங்களையும் வரிசையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றிலும் படலம் படிந்திருக்கிறது என்று புகார். ஏலத் தளத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொன்றைத் திருப்பினால் உங்கள் கணக்கை மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக இவர் குடியிருப்பதே அந்தத் தளத்தில்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை முடிந்து வந்தால் பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம் அங்கேதான். அதை மூடிவிட்டால் சாயங்காலங்களை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்ன செய்வார்? நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. என் உயிரைத்தான் எடுப்பார்.

விவரம் தெரிந்தவர்கள் சோதித்து, மதிப்பெண் போட்டு, பெட்டியில் வைத்து மூடிய நாணயங்களும் விற்பனைக்கு வரும். அதை வாங்க மூளை எதற்கு என்பார் இவர். இவர் வாங்குவதெல்லாம் யாரும் தரம் பார்க்காத நாணயங்கள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாமே முடிவு செய்ய வேண்டும். துலக்கி மதிப்பைக் கெடுத்திருக்கிறார்களா, கீறல் இருக்கிறதா, மட்டமான பிளாஸ்டிக் உறையில் கிடந்து பிசுக்கு ஏறியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த வட்டாரத்தில் இவருக்கு 'லென்ஸ்' என்றே பெயர். யாராவது ஒரு படத்தைப் போட்டு, "லென்ஸ் அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

ஆறு விநாடி இருக்கும்போதுதான் இவர் விலை கேட்டார். முன்னாலேயே கேட்டால் மற்றவர்களுக்கு மூக்கு வியர்த்துவிடுமாம். நாணயம் கிடைத்தது. என் தட்டில் எல்லாம் ஆறிப்போயிருந்தது.

அதோடு விட்டதா? பார்சல் வர ஐந்து நாள். எங்கள் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும் எழுந்து வாசலுக்குப் போனார். கூரியர் அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியில் இவர் குரலைக் கேட்டாலே அங்கிருந்த பெண் வைத்துவிட்டாள். இடையிடையே பழைய நாணயங்களை விற்ற மூன்று பேரையும் இழுத்து வைத்துத் திட்டினார். அதில் அதிகம் அடிபட்டது ஒரு டீச்சர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இறந்துபோன கணவர் சேர்த்து வைத்ததை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வைத்தபடியே இருக்கிறது சார், நான் தொட்டதுகூட இல்லை என்று பணிவாகத்தான் பதில் எழுதினார். இவர் நம்பவில்லை. 'தெரிந்தே ஏமாற்றுகிறார்கள், இங்கே யாரும் வாங்க வேண்டாம்' என்று அவருடைய விற்பனைப் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்க எழுதினார். வயதானவர், கொஞ்சம் தணித்து எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏமாத்துறதுக்கு வயசு ஏது?" என்றார்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. இவர் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தார். மேசை விளக்கைப் போட்டு, நாணயத்தை வெள்ளைத் துணியில் வைத்து, லென்ஸை வலது கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன்.

"போச்சு," என்றார்.

"என்ன போச்சு?"

"படலம். அதே படலம். படத்துல கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எல்லாரும் கூட்டுக் களவாணிங்க!"

போனை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்தார். கணக்கு போனால் போகட்டும், இந்தத் திருட்டுக் கும்பலோடு நமக்கென்ன பேச்சு என்று வாய் சொன்னது. முகம் வேறு மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று நாணயத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

"ஓரத்தைப் பிடி! நாணயத்து முகத்துல விரல் படப்போகுது!"

ஓரத்தைத்தான் பிடித்திருந்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

"இதுல ஒண்ணும் இல்லீங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. பதினாலு வருடமாக டிரை கிளீனிங் கடைக் கவுன்ட்டரில் நிற்கிறேன். துணி வாங்கும்போதே கறையைக் கண்டுபிடித்துச் சீட்டில் குறிக்காவிட்டால் பழி எங்கள் தலையில்தான் விழும். நாணயத்தைத் திரும்ப மேசைத் துணியில் வைத்தேன்.

"கறையைப் பத்தி எனக்கா சொல்றீங்க? வாங்க இப்படி. லென்ஸை வைங்க. படலம் எங்க இருக்கு?"

"இடது பக்கம், மேலே. அங்கதான் கூடுதல்."

நாணயத்தைத் துணியின் மேலேயே பாதிச் சுற்றுத் திருப்பினேன். வெள்ளைச் சட்டையில் கறை தெரிந்தால் எங்கள் கடையில் முதலில் சட்டையைத் திருப்பிப் பார்ப்போம். கறை சட்டையில் இருந்தால் சட்டையோடு சேர்ந்து திரும்பும். திரும்பவில்லை என்றால் அது நம் மூக்குக் கண்ணாடியில் இருக்கிறது. இது தெரியாமல் புதிதாக வந்த பெண்கள் வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

"இப்ப எங்க இருக்கு?"

இவர் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு, "இடது பக்கம்தான்," என்றார்.

லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்தார். அதையும் திருப்பி வைத்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"இடது கண்ணுல வச்சுப் பாருங்க," என்றேன்.

பன்னிரண்டு வருடத்தில் இவர் இடது கண்ணில் லென்ஸ் வைத்ததே இல்லை. அது நிற்காமல் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை நின்றது. இவர் பார்த்தார். "சுத்தமா இருக்கு," என்றார். பிறகு லென்ஸை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"கண்ணுல புரையா இருக்கும்," என்றேன். "ஆபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும். ரெண்டு கண்ணும் திறந்திருந்ததால இத்தனை நாள் தெரியல. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

இவர் கண்ணைப் பற்றி நினைக்கவே இல்லை.

"அப்ப அந்த மூணு?" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த புகாரை அழித்தார். முதல் இரண்டு பேருக்கும் அப்போதே மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிப் பதில் போட்டார். இன்னொருவர் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். டீச்சரின் பக்கத்தைத் தேடினார். அந்தப் பக்கமே இல்லை. திருப்பி அனுப்பிய பார்சல் ரசீதில் அவர் எண் இருந்தது. போட்டார். மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை என் கையில் திணித்துவிட்டார்.

"டீச்சர், ஒரு நாணயத்தைத் திருப்பி அனுப்பினாரே, அவரோட வீட்டம்மா பேசுறேன். தப்பு எங்க மேலதான். அவர் கண்ணுலதான் கோளாறு. உங்க நாணயம் நல்ல நாணயம்."

"நல்ல நாணயம்தானா?" என்றார் டீச்சர்.

"ஆமா டீச்சர்."

"உங்க வீட்டுக்காரர் எழுதினதுக்கு அப்புறம் யாருமே வாங்கலம்மா. எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அவ்வளவு தெரிஞ்சவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். போன மாசம் எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டேன். என் கண்ணு முன்னாடியே உருக்கிட்டாங்க."

டீச்சர் தொடர்ந்தார்.

"வயசான காலத்துல நமக்கு இதுதான் துணைன்னு சொல்லிச் சொல்லி எங்க வீட்டுக்காரர் சேர்த்தார்ம்மா. கடைசியில என்னையும் ஏமாத்திட்டுப் போயிட்டாரேன்னு அவர் போட்டோ முன்னாடி நின்னு திட்டினேன். போட்டோவைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சிருக்கேன்."

பக்கத்திலேயே நின்ற இவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"டீச்சர்," என்றார். "உங்க வீட்டுக்காரர் ஏமாத்தல." அதற்கு மேல் இவருக்குப் பேச வரவில்லை. போனை வைக்கவும் இல்லை.