எண்ணிக்கையில் வராத வண்டி

தள்ளுவண்டிக்காரர் என்றால் தெருவில் பழம் விற்பவர் இல்லை. குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளும் வண்டிகளில் எது உருப்படி, எது ஓட்டை என்று இணையதளத்தில் எழுதிப் பிழைப்பவர். அவர் தரும் லிங்கைத் தட்டி யாராவது கடையில் வண்டி வாங்கினால் அவருக்குக் கமிஷன். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எண்ணிக் காசைப் பிரித்துக் கொடுப்பது விளம்பர நெட்வொர்க். அங்கே அவருக்குப் பதில் சொல்ல மாட்டிக்கொண்டவள் இவள்.

நான்கு மாதமாக ஒரே புலம்பல். "என் லிங்க்ல வாங்கிட்டோம்னு ஆளுங்க எனக்கு எழுதுறாங்க மேடம். உங்க கணக்குல அவங்க யாருமே இல்ல. எங்கதான் போனாங்க?"

இவள் கைவசம் மூன்று காரணங்கள் இருந்தன, எல்லாம் அலுவலகம் சொல்லிக் கொடுத்தவை. வாங்கியவர் வேறு போனில் வாங்கியிருப்பார். இல்லையென்றால் நடுவில் வேறொருவரின் லிங்கைத் தட்டியிருப்பார். அதுவும் இல்லையென்றால் வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார். போன வாரம் இவள் ஒரு படி மேலே போய், "அண்ணா, எங்க எண்ணிக்கை தப்பாகாது. நான் பொறுப்பு" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். வாய் சும்மா இருந்தால்தானே.

சொன்னதற்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று தானே ஒரு வண்டி வாங்கினாள். தங்கை முழுகாமல் இருந்தாள், எப்படியும் வேண்டியிருந்தது. அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, தன் போனில் அவருடைய லிங்கைத் தட்டி, அப்போதே பணம் கட்டினாள். ஒரு மணி நேரத்தில் அந்த விற்பனை திரையில் ஏறிவிட வேண்டும்.

ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. மூன்றாம் நாள் வண்டியே வந்துவிட்டது. பெட்டி மேசைக்கு அடியில் அடங்காமல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம், "வீட்ல விசேஷமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவளோ திரையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தாள். அவர் பெயருக்கு நேரே அதே பழைய எண்தான்.

வேறு போனா? இல்லை. வேறு லிங்கா? இல்லவே இல்லை. திருப்பி அனுப்பினாளா? பெட்டி முழங்காலில் இடிக்கிறது.

கண்ணாடி அறையில் இருந்த மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"வேற போன்ல வாங்கியிருப்பீங்க."

"இதே போன்தான் சார்."

"அப்ப நடுவுல வேற லிங்கைத் தட்டியிருப்பீங்க."

"தட்டல சார்."

மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தவர், வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "கடை நமக்கு எல்லாத்துக்கும் காசு கொடுக்குது. அதை அப்படியே அவருக்குத் தூக்கிக் கொடுத்தா நமக்கு என்னம்மா மிஞ்சும்? இன்னைக்கு அஞ்சு மணியோட அவர் ஆட்சேபம் போடற கெடு முடியுது. அதுக்கப்புறம் அந்த நாலு மாசத்தைக் கிளற முடியாது. அதுவரைக்கும் அவர் போனை எடுக்காதீங்க."

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. அவரேதான். கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் தலை நிமிர்ந்தது. வீட்டு வாடகை இவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது. எடுக்காதே, எடுக்காதே என்று நினைத்துக்கொண்டே எடுத்துவிட்டாள்.

"பயப்படாதீங்க மேடம், சண்டைக்குப் போன் பண்ணல" என்றார் அவர். "ஆட்சேபம் எழுதி வச்சிருந்தேன். என் வீட்டுக்காரிதான், அந்தப் பொண்ணு பொறுப்புன்னு சொன்ன பிறகும் எழுதலாமான்னு திட்டினா. அழிச்சுட்டேன். எங்க எழுத்துலதான் ஏதோ குறை போல. இந்த மாசத்தோட தளத்தை மூடிட்டு, கிடைச்ச வேலைக்குப் போறேன். உங்க மேல சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மேலாளர் எழுந்து கதவைத் திறந்தார்.

"அண்ணா, அழிச்சதைத் திரும்ப எழுதுங்க. இன்னும் நேரம் இருக்கு."

"எதை வச்சும்மா எழுதறது?"

குனிந்து, பெட்டியில் ஒட்டியிருந்த பில்லைக் கிழியாமல் உரித்தாள்.

"நானும் உங்க லிங்க்ல ஒரு வண்டி வாங்கினேன் அண்ணா. உங்க கணக்குல நானும் இல்ல. பில்லை அனுப்பறேன், என் பேரைப் போட்டே எழுதுங்க."