பதினைந்து விநாடிக்குள்

அஞ்சலிச் சீட்டில் போட அப்பாவின் நல்ல படம் ஒன்று வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் அச்சுக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார் என்று அத்தை அன்னபாக்கியம் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டுப் போன பிறகு, ஷர்மைன் தம்பியின் அறைக்குள் போய் அவனுடைய மடிக்கணினியைத் திறந்தாள். கூடத்தில் அப்பா லியோனார்ட் பழுப்புக் கோட்டு போட்டுப் பெட்டிக்குள் படுத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அந்தக் கோட்டு இறுக்குகிறது என்று அவர் போட மறுத்து வந்தார்.

லாபிஸ் மாதிரிச் சின்ன ஊரில் சாவு வீடு என்றால் நாற்காலிகள் வந்து இறங்குவதற்கு முன்பே கதை வந்து உட்கார்ந்துவிடும். இந்த வீட்டுக் கதையை அம்மா லூசியே நேற்று மாலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சை அடைக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் வந்து சேருவதற்குள் நான் சிகாமட் ஆஸ்பத்திரிக்கே போய்விடுவேன் என்று சொல்லி மகன் கில்பர்ட் அவரைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றினான். அடையாள அட்டையை எடுக்க உள்ளே போன அவள் வெளியே வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது, அவ்வளவு வேகம். பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பத்து நிமிடத்தை ஆண்டவரே எடுத்துக்கொண்டார், என் பிள்ளை மேல் குறையில்லை என்று முடிப்பாள். வந்தவர்கள் கில்பர்ட்டின் தோளைத் தட்டிவிட்டுப் பந்தலுக்குப் போவார்கள்.

திரையில் படம் எதுவும் இல்லை. ஷர்மைனே இரண்டு வருடத்துக்கு முன்னால் தம்பிக்குப் போட்டுக் கொடுத்த கணக்குப் பட்டியல் திறந்து கிடந்தது.

அவள் ஸ்கூடாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தாள். எண்களோடுதான் அவளுக்குப் பிழைப்பு. கில்பர்ட் லாபிஸிலேயே ஒரு டயர்க் கடையில் வேலை பார்த்தான். சம்பாதிப்பதையெல்லாம் அந்த டீசல் பிக்கப்பின் வாயில் ஊற்றினான். நின்ற இடத்திலிருந்து நானூறு மீட்டரைப் பதினைந்து விநாடிக்குள் கடந்துவிட்டால் பிக்கப்காரர்களின் கூட்டம் ஒன்றில் அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அது அவனுக்கு மாதா கோவிலில் உறுதிபூசுதல் வாங்குவதைவிடப் பெரிய விஷயம். பந்தயத் திடலுக்குப் போக மாதத்தில் ஒரு நாள்தான் வாய்க்கும் என்பதால், ஸ்டீரிங்குக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியிருந்தான். விநாடிக்குப் பத்து முறை அது வேகத்தையும் வண்டி இருக்கும் இடத்தையும் உயரத்தையும் எழுதி வைக்கும். அந்த எண்களைப் பட்டியலில் கொட்டி, வண்டியின் எடையையும் சேர்த்தால், எத்தனை விநாடி என்று வந்துவிடும். அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி நிறுக்கும் தராசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய சிநேகிதர்களைக் கெஞ்சி, மகனின் வண்டியை அந்தத் தராசில் ஏற்றி நிறுத்து எடை எழுதிக் கொடுத்தார்.

கடைசி வரியின் தேதி நேற்று. நேரம் மத்தியானம் இரண்டு முப்பத்து மூன்று.

ஏதோ தப்பாகப் பதிவாகியிருக்கிறது என்றுதான் ஷர்மைன் முதலில் நினைத்தாள். மேலே தள்ளிப் பார்த்தாள். இரண்டு பன்னிரண்டுக்கு வண்டி வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. இரண்டு இருபத்து நான்குக்கு சிகாமட் சாலையின் நேரான பகுதியில் வேகம் பூஜ்யத்துக்கு வந்தது. பிறகு முழு அழுத்தத்தில் ஒரு பாய்ச்சல், பாதியில் பிரேக். முன்னால் லோரி ஏதாவது வந்திருக்கும். பிறகு வண்டி திரும்பி, வந்த வழியே போய், மறுபடி திரும்பி, அதே இடத்தில் நின்று, இரண்டாவது முறையாகப் பாய்ந்தது. இதெல்லாம் முடிய ஒன்பது நிமிடம்.

பக்கத்துக் கட்டங்களில் இரண்டு விடைகள் இருந்தன. ‘வித் அப்பா’ என்பதற்கு நேராக 14.86. ‘வித்தவுட் அப்பா’ என்பதற்கு நேராக 14.61.

எடைக் கட்டத்தில் எண்பத்திரண்டு கிலோவை ஒரு முறை சேர்த்தும் ஒரு முறை கழித்தும் கணக்குப் போட்டிருந்தான். இன்று காலையில், அப்பாவுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது, அப்பா கடைசியாக எத்தனை கிலோ இருந்தார் என்று அவன் கேட்டது ஷர்மைனுக்கு ஞாபகம் வந்தது. பெட்டியைத் தூக்குவதற்குக் கேட்கிறான் என்று நினைத்து அம்மா விசும்பிக்கொண்டே சொன்னாள். அத்தையோ, பிள்ளை எவ்வளவு பொறுப்பாக இருக்கிறான் பார் என்றாள். அந்த நிமிடம் ஷர்மைன் தம்பியை வெறுத்தாள், கொஞ்சமும் தயக்கமில்லாமல்.

கூப்பிட்டு அனுப்பியதும் கில்பர்ட் வந்தான். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, கண் சிவக்காமல் இருந்தான். நேற்றிலிருந்து அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அத்தைக்குக் கவலை. ஷர்மைன் கதவைச் சாத்திவிட்டுத் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

“ஒம்போது நிமிஷம் கில்பர்ட்.”

அவன் திரையைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். “வலி கொறைஞ்சிருச்சுன்னாருக்கா. வெறும் வாயுதான்னாரு. ரோடு காலியா கெடந்துச்சு, கெளம்புறப்ப ஒரு வண்டி இல்ல.”

“வேணாம்னு சொல்லலியா?”

“ஒண்ணும் சொல்லல. மேல இருக்கிற பிடியப் புடிச்சுக்கிட்டாரு.”

“ரெண்டாவது தடவ?”

“ரெண்டாவது தடவ கண்ண மூடியிருந்தாரு. தூங்கிட்டாருன்னு நெனச்சேன்.”

வெளியே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அடுத்த மணிக்கு வந்திருந்தார்கள். அம்மாவின் குரல் மட்டும் எல்லாருக்கும் பின்னால் தேய்ந்து வந்தது. இப்போது கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் குரல் அத்தோடு நின்றுவிடும். சொல்லாவிட்டால் சாகிற வரைக்கும் அம்மா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள், அதை ஷர்மைன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கணவன் போன மறுநாளே மகனையும் அவளிடமிருந்து பிடுங்குவதா என்று ஷர்மைன் யோசித்தாள்.

“அம்மாகிட்ட சொல்லிடாதக்கா,” என்றான் கில்பர்ட். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் அடக்க முடியாதவனாக, “நம்பர் சரிதானே?” என்றான்.

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறைந்தால் சத்தம் வெளியே கேட்கும். ஷர்மைன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவனை எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். பட்டியலைப் போட்டதே அவள்.

“ரோட்டுச் சரிவு போட்டியா?” என்று கேட்டாள்.

“அது ஃப்ளாட் ரோடுக்கா.”

“எவன் சொன்னான்?” வண்டியில் மாட்டிய பெட்டி பதிந்து வைத்திருந்த உயரத்தைக் காட்டினாள். பாய்ச்சல் தொடங்கிய இடத்தில் நாற்பத்தொரு மீட்டர், முடிந்த இடத்தில் முப்பத்திரண்டு. நானூறு மீட்டருக்கு ஒன்பது மீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாத இறக்கம்தான், ஆனால் இரண்டு டன் வண்டியை அது தாராளமாகவே இழுத்துக் கொடுக்கும். காலியாகக் கிடந்த கட்டத்தில் அவள் எண்ணைத் தட்டினாள். இரண்டு விடைகளும் மாறின.

“அப்பாவோட பதினஞ்சு புள்ளி மூணு ஒண்ணு,” என்று வாசித்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். “அப்பா இல்லாம பதினஞ்சு புள்ளி பூஜ்யம் ஆறு. அவர எறக்கி விட்டுட்டுப் போயிருந்தாலும் தேறியிருக்காதுடா.”

கில்பர்ட் திரையருகே குனிந்தான். உதடுகள் எண்களை முணுமுணுத்தன. பிறகு அவன் முகம் கோணி, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து அழுதது போல வாய் திறந்து, அழுகை வெடித்தது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக் கதறினான். ஷர்மைன் மடிக்கணினியை மூடினாள். இந்த அழுகை எதற்கு என்று அவனிடம் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தாள். “அழுதுட்டானா, ஆண்டவரே ஸ்தோத்திரம்,” என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலேயே லூசியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அவள் மகனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள். உன்னால் முடிந்ததைச் செய்தாய், அதற்கு மேல் மனுஷன் கையில் என்ன இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசலில் நின்ற பெண்களும் அழுதார்கள். ஷர்மைன் வாயைத் திறந்தாள். அம்மாவின் கை தம்பியின் முதுகில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

படத்தை அப்பாவின் பழைய கைப்பேசியிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். இரண்டரை மணிக்குப் பெட்டியை மூடி, பிண வண்டியில் ஏற்றினார்கள். கோவிலுக்கு அம்மாவை அழைத்துப்போக அத்தை தன் மகனின் காரை வாசலுக்கு எடுத்து வரச் சொல்லியிருந்தாள். லூசி மறுத்துவிட்டாள். அவர் கடைசியாக உட்கார்ந்திருந்த இடத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து பிக்கப்பின் முன் இருக்கையில் ஏறினாள். ஏறுவதற்கு இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. ஷர்மைன் பின் இருக்கையில் ஏறினாள்.

பிண வண்டி நடக்கிறவர்களின் வேகத்தில் நகர்ந்தது. கில்பர்ட் வீங்கிய கண்களோடு அதன் பின்னால் ஓட்டினான். வேக முள் இருபதைத் தாண்டவில்லை. கடைத்தெருவில் இரண்டொருவர் எழுந்து நின்றார்கள்.

“பெல்ட் போட்டுக்கம்மா,” என்றாள் ஷர்மைன்.

“எதுக்குடி,” என்றாள் லூசி, திரும்பிப் பார்க்காமல். “இவன்தான ஓட்டுறான்.”

ஷர்மைன் இருக்கையின் பக்கவாட்டில் கையை விட்டு, பெல்ட்டைத் தேடி எடுத்து, அம்மாவின் மடிக்கு மேலாக இழுத்து, சத்தம் கேட்கும் வரை அழுத்தி மாட்டினாள்.