கூப்பிடாத பேர்

தினமும் காலையில் டீ டம்ளரை வைத்துவிட்டு அந்தோணி தன் மனைவியை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

"லெப்டினன்ட் சவுரியம்மாள்."

உடனே அவள் முதுகை நிமிர்த்தி, "எஸ் சார்" என்பாள். புருஷன் முகம் மறந்துவிட்டது. பெற்ற மகள் மெர்சி யாரென்று தெரியவில்லை. ஆம்பூரில் இருக்கிறோம் என்பதுகூட ஞாபகமில்லை. பாழாய்ப்போன மறதி இந்த ஒன்றை மட்டும் எப்படியோ விட்டு வைத்திருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் கிழக்கு எல்லையில் ராணுவ நர்ஸாக இருந்தவள் அவள். கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று அப்போது சட்டம், விட்டுவிட்டாள். அதற்கப்புறம் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி என்றுதான் தெருவுக்குத் தெரியும். சண்டையைப் பற்றி அவள் வாய் திறந்து சொன்னது ஒன்றுதான்.

"காலைல வார்டுல பேர் கூப்புடுவோம். நைட்டு செத்தவன் பேரை மட்டும் வுட்டுட்டு அடுத்த பேருக்குப் போய்டுவோம். பக்கத்து பெட்காரன் அப்பிடித்தான் தெரிஞ்சிக்குவான்."

போர் வெற்றி நாளன்று பள்ளி மைதானத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கு மரியாதை செய்யப்போகிறார்கள் என்று தெரிந்ததும், விழாக் கமிட்டி அன்பரசன் வீட்டுக்கு அந்தோணி நடையாய் நடந்தார்.

"ஒரே ஒரு தடவ மைக்ல அவ பேரை லெப்டினன்ட்னு சேத்துக் கூப்புடு தம்பி. அதுவும் மறந்து போறதுக்குள்ள."

"கூப்ட்டா போச்சு. பேஜார் ஆவாதீங்க" என்றான் அன்பரசன்.

அந்த மகராசன் காதில் என்னதான் விழுந்ததோ. விழாவில் ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டு வந்தான். சவுரியம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு பேரையும் கவனமாகக் கேட்டாள்.

"அடுத்து, முன்னாள் ராணுவ வீரர் லெப்டினன்ட் அந்தோணி அய்யா, துணைவியாருடன் மேடைக்கு வரவும்."

அவளைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டு, அந்தோணி மைக்குக்கே போய்விட்டார். "நான் இல்லப்பா. இவங்கதான் மிலிட்டரி. நான் தோல் வேலை செஞ்சவன்."

அன்பரசன் மைக்கிலேயே சிரித்தான். "பாருங்க, அய்யாவுக்கு எவ்ளோ தன்னடக்கம்."

மைதானமே கைதட்டியது. பொன்னாடை அந்தோணியின் தோளில் விழுந்தது. துணைவியார்களுக்கு என்று வாங்கி வைத்திருந்த குங்குமச் சிமிழ் ஒன்றை சவுரியம்மாள் கையில் திணித்தார்கள். மாதா கோயிலுக்கும் ஜெபமாலைக்கும் என்று இருப்பவளுக்குக் குங்குமச் சிமிழ். மைக்கைப் பிடிக்கப் போன அந்தோணியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அன்பரசன் அடுத்த பேருக்குப் போய்விட்டான்.

ஆட்டோவில் வரும்போது அந்தோணிக்கு மனசு ஆறவில்லை. அவமானமா ஆத்திரமா என்று அவருக்கே தெரியவில்லை. பொன்னாடையை உருவி அவள் தோளில் போட்டார். நாமாவது கூப்பிடுவோம் என்று தோன்றியது.

"லெப்டினன்ட் சவுரியம்மாள்."

அவள் சிமிழைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முதுகு நிமிரவில்லை. அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

சவுரியம்மாள் அவர் கையை மெல்லத் தட்டிக் கொடுத்தாள். நோயாளியிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கூப்புடாதீங்க சார். அவங்க பேரை வுட்டுட்டுப் போய்ட்டாங்களே, நீங்க கேக்கல? அவங்க நைட்டே செத்துட்டாங்க."