ஓட்டு மேடத்துக்கு ஒரு கேடயம்

அவள் பொருளாதாரம் நடத்துகிறவள் என்பது கல்லூரியில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. ஓட்டு மேடம் எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை காட்டிவிடுவார். கேன்டீனுக்குப் போகிற மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, மூச்சு வாங்கும் பழைய மடிக்கணினி, விட்டு விட்டு வரும் இணையம், அதற்குப் பின்னால் அவள். டீ குடிக்கப் போகிற பிள்ளைகளை வழிமறித்து, "பதினெட்டு முடிஞ்சுதா? பேரு சேத்தாச்சா?" என்று பிடித்து உட்கார வைப்பாள்.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா என்ன? புகைப்படம் கேட்டால் ஒருத்தி நாய்க்காது ஒட்டிய படத்தை அனுப்புவாள். ஒருவன் பைக்கோடு நிற்கிற படம் தருவான், முகம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும். பிறந்த தேதி கேட்டால், "எது மேடம், நிஜமா பொறந்ததா, ஸ்கூல்ல குடுத்ததா?" என்பான் இன்னொருவன். இதற்கிடையில் யாராவது ஒரு அப்பா போனில் சண்டைக்கு வருவார், என் பிள்ளை பேரை எங்க வீட்டு முகவரியிலிருந்து எடுக்க நீங்க யாரு என்று. அவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுவாள். சம்பளத்தில் சேராத வேலைக்கு இவ்வளவு பொறுமை எதற்கு என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விடுதிக்குப் பின்னால் ஒரு சந்து. விளக்கு கிடையாது. பேருந்தை விட்டு இறங்கும் பெண் பிள்ளைகள் அந்த இருட்டில் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அதைப் பற்றிச் சொல்லப் போனபோது வார்டு உறுப்பினர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உங்க பிள்ளைங்களுக்கு இங்க ஓட்டே இல்லையே மேடம்" என்று பல்லைக் காட்டினார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஓட்டுதானே வேண்டும், வாங்கித் தருகிறேன் என்று வந்தவள்தான் மேசையைப் போட்டாள். விடுதிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் விடுதி முகவரிக்கு மாற்றினாள்.

முதலில் வந்து உட்கார்ந்தவள் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி. எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று குடைவாள் என்பதால் வகுப்பில் அவளுக்குக் கேள்வித்தாள் என்று பெயர். "நான் ஒருத்தி போட்டு என்ன மேடம் ஆகப்போகுது?" என்று ஆரம்பித்தவளை வீட்டுக்கே கூட்டிப் போய், டீ கொடுத்து, சாயங்காலம் முழுக்கப் பேசிப் படிய வைத்தாள். டீயைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டியவர் அவள் புருஷன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். கல்யாணமான நாளிலிருந்து அவள் கல்லூரிக் கதையை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அப்படிப்பட்டவர் இந்த வருஷம் ஆளே மாறிப்போனார். அவள் வீட்டுக்குள் வந்தால் டிவியை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு எத்தனை பேரும்மா வந்தாங்க?" என்று கேட்டார். யார் எந்த ஊர், யார் அறையில் யார் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்கு ஒரு கட்சியில் வார்டு செயலாளர் பதவி மேல் கண் என்பதும், தேர்தலன்று அவர் வாக்குச்சாவடி ஏஜெண்டாக உட்காரப் போகிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து மனுஷன் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. ஏங்கிக் கிடந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

தேர்தல் தேதி அறிவித்தார்கள். பார்த்தால் செமஸ்டர் விடுமுறைக்கு நடுவில் வருகிறது. விடுதியை மட்டும் திறந்து வையுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் கெஞ்சினாள். "பிள்ளைங்களுக்கு யாரும்மா சமைப்பா? நீங்களா?" என்று அவர் முடித்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஆற்றாமையில் அழுதே விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். "அழாதம்மா. எல்லாருமா போறாங்க? யாரு போறா, யாரு இருக்கான்னு சொல்லு, பாப்போம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொருவராகச் சொன்னாள். இவன் டிக்கெட் எடுத்துவிட்டான், அவள் சித்தி வீட்டில் தங்குகிறாள், இந்த நாலு பேர் உள்ளூரில் வேலைக்குப் போவதால் இருப்பார்கள்.

"அந்தக் கேள்வித்தாள்?"

"அவ அக்காவுக்குப் பிரசவம்ங்க. என்கிட்ட மட்டும் சொல்லி வருத்தப்பட்டா. அவ வரமாட்டா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று தட்டையும் அவரே கழுவினார்.

வாக்குச்சாவடி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். அவள் காலையிலேயே தன் ஓட்டைப் போட்டுவிட்டு, வருகிற பிள்ளைகளுக்காக வாசலில் நின்றாள். சித்தி வீட்டுப் பெண் வந்தாள். வேலைக்குப் போகிற நாலு பேர் வந்தார்கள். அவ்வளவுதான். கிளம்பிவிடலாம் என்று நினைத்தபோது, தோளில் பையோடு, கலைந்த தலையோடு ஆட்டோவிலிருந்து கேள்வித்தாள் இறங்கினாள்.

"மேடம், அக்காவுக்குப் பொண்ணு! முகத்தப் பாத்துட்டு நேரா பஸ் ஏறிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு இல்ல. எனக்கே மனசு கேக்கல."

மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷத்து வேலைக்கு இந்த ஒருத்தி போதும் என்று அவளைக் கட்டிக்கொண்டு உள்ளே அனுப்பினாள்.

சற்று நேரத்தில் உள்ளே சத்தம் கேட்டது. ஒரு போலீஸ்காரர் வாசலுக்கு வந்து, "இந்தப் பொண்ண அடையாளம் சொல்ல யாராவது இருக்கீங்களா?" என்றார். அவள் ஓடினாள்.

வாக்காளர் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராகக் கோடு விழுந்திருந்தது. யாரோ வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தேர்தல் அதிகாரி பாவம், களைத்துப் போன மனிதர், ஏஜெண்டுகள் பக்கம் திரும்பிக் கேட்டார். பொய் ஆள் வந்தால் சத்தம் போடத்தானே அவர்களை அங்கே உட்கார வைப்பது?

அவள் புருஷன் எழுந்தார். மனைவியை அவர் பார்க்கவில்லை. "இந்தப் பேருக்குக் காலையிலேயே ஓட்டு விழுந்தாச்சு சார். இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது."

"அங்கிள்?" என்றாள் கேள்வித்தாள். "உங்க வீட்டுக்கு வந்தேனே அங்கிள். நீங்கதானே டீ போட்டுக் குடுத்தீங்க?"

அவர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இவ என் மாணவி சார்" என்றாள் மேடம். "அவருக்கும் இவளைத் தெரியும்."

அதிகாரி இப்படி ஓட்டுப் பறிபோனவர்களுக்கென்று இருக்கும் ஒரு தனிச் சீட்டை எடுத்துக் கொடுத்து, போடச் சொல்லி, உறைக்குள் வைத்து ஒட்டினார். விரலில் மையும் வைத்தார்.

"இத எண்ணுவீங்களா சார்?"

"கேஸு கீஸுன்னு வந்தா பாப்பாங்கம்மா" என்றார் அவர், நிமிராமல்.

வெளியே வந்து இரண்டு பேரும் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றார்கள். அந்தப் பெண் விரல் மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளுக்கே உரிய மாதிரி கேட்டாள். "எப்படி மேடம் கரெக்டா என் பேரை எடுத்தாங்க? நான் வரமாட்டேன்னு உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

மேடம் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினாள். அந்தப் பெண் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வந்த வழியே பேருந்து நிலையத்துக்குத் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் அவள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "எத்தனை பிள்ளைங்க பேரு?"

செருப்பைக் கழற்றியபடி அவர் சாவகாசமாகச் சொன்னார். "ஊர்ல இருந்த ஒருத்தர் பேரையும் தொடலையே. போனவங்களோடது சும்மா கெடந்த ஓட்டு. வீணாப் போறத எடுத்தா உனக்கு என்னம்மா குறைஞ்சு போச்சு? அந்தப் பொண்ணு திரும்பி வரும்னு யாரு கண்டா? வரமாட்டான்னு நீதானே சொன்ன."

"என்னை வச்சுக் கேட்டு வாங்கினீங்களா?"

"கேட்டேன், சொன்ன. போயி புகார் குடு. பேரு யாரு குடுத்தான்னு முதல்ல கேப்பாங்க. என்னோட நீயும் உள்ள வருவ."

அடுத்த வேளைக்குக் காய் நறுக்க வேண்டும் என்று கத்தியை எடுத்தவள், எடுத்தபடியே அடுப்படியில் நின்றாள். தடவிக் கொடுத்த கை முதுகில் இன்னும் இருக்கிற மாதிரி அருவருப்பாக இருந்தது. அவர் டிவியைப் போட்டார். பழையபடி சத்தமாக.

கல்லூரி திறந்ததும் நேராக முதல்வர் அறைக்குப் போனாள், வேலை போனாலும் போகட்டும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று. அவர் அதற்கு முன்பே எழுந்து நின்று கை கொடுத்தார். மாவட்டத்திலேயே மாணவர் வாக்குப்பதிவு அதிகமான விடுதி நம்முடையதாம். கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறாம். கேடயம் தரப் பெரிய அதிகாரியே வருகிறாராம்.

"சார், அன்னிக்கு விடுதி பூட்டியிருந்துச்சு. அஞ்சாறு பேரைத் தவிர யாரும் இங்க இல்லவே இல்ல" என்றாள்.

முதல்வர் கையை எடுத்துக்கொண்டார். கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் இப்ப வார்டு செயலாளர் இல்ல? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வந்து சொல்லுங்க மேடம்" என்றார். அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. கொட்ட வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

விழா நாளில் மேடையேறிக் கேடயத்தை வாங்கினாள். வாங்காமல் இருந்திருக்கலாம். வாங்கினாள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் புதிய வார்டு செயலாளர். விடுமுறையெல்லாம் சொந்த ஊரில் கிடந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து, நாம எப்படா போட்டோம் என்று சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான்.

கேள்வித்தாள் மாடிப்படிக்குக் கீழே, பழைய மேசைக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். மேடம் கொண்டுவந்த கேடயத்தைக் கையில் வாங்கி, பொறித்திருந்ததை முழுவதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த நூறுல நானும் இருக்கேன்ல மேடம்?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கேள்வித்தாள் பதிலுக்கு நிற்காமல் போனதை மேடம் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சந்தில் இன்னும் விளக்கு வரவில்லை. கேடயம் வந்துவிட்டது. அதை அவள் புருஷன் வாங்கித் துடைத்து டிவிக்கு மேலே வைத்தார். சாப்பிட உட்கார்ந்ததும் டிவியை நிறுத்தினார். அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, தட்டில் அவரே பரிமாறிவிட்டு, அன்பாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்த வருஷம் புதுப் பிள்ளைங்க எத்தனை பேரு வர்றாங்க?"