கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்

பந்து அந்தரத்தில் நிற்பதற்கு முன் அப்பா கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், வலது கையுறையின் நாடாவைப் பல்லால் கடித்து இறுக்கியதுதான். பிறகு மாமா ஓடிவந்து உதைத்தார். அப்பா ஒரு பக்கம் பாய்ந்தார், பந்து மறுபக்கம் வந்தது. வந்த பந்து கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால், நெஞ்சு உயரத்தில், காற்றில் நின்றுகொண்டது.

அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், அந்த அணியின் கோல்கீப்பர். மாமா அம்மாவின் ஒரே தம்பி, அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவர், அச்சக அணிக்குக் கோல் போடுகிறவர். வருடா வருடம் இறுதி ஆட்டத்தில் இந்த இரண்டு அணிகள்தான் மோதும். போன வருடம் பணிமனை ஜெயித்தபோது, மாமா மழைக்காலம் முடியும்வரை அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் அச்சகம் ஜெயித்தது. மாமாவின் சைக்கிள் மணி கேட்டாலே அப்பா யாருடைய வண்டிக்கு அடியிலாவது போய்ப் படுத்துக்கொண்டு, வேலை தலைக்கு மேல் கிடப்பதாகச் சொல்லியனுப்புவார். இந்த வருடம் நான்குக்கு நான்கு என்று நின்றபோதுதான் அந்தக் கடைசி பெனால்டி உதை.

நடுவராக இருந்தவர் தபால்காரர். பந்து கோட்டைத் தாண்டினால் கோல், வெளியே போனால் இல்லை, நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது என்பது விதி. அவர் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பந்து இருந்த இடத்திலேயே மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அப்படியானால் அது இன்னும் நிற்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன விசிலைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உதைத்தவர் மறுபடி தொடக்கூடாது, ஆனால் கோல்கீப்பர் தொடலாம். பணிமனைக் கூட்டம் முழுக்க எழுந்து நின்று, "தட்டி விடுய்யா! ஒரு விரல் போதும்!" என்று கத்தியது. அப்பா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு பந்தைச் சுற்றி வந்தார்.

"நான் அந்தப் பக்கம் விழுந்துட்டேன். இது என்னை ஏமாத்திட்டுப் போன பந்து. யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க. அவங்க கையிலேர்ந்து நான் பிடுங்க முடியுமா?"

இருட்டியதும், ஆட்டம் முடியவில்லை, எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று தபால்காரர் அறிவித்தார். மற்றவரைப் பந்தோடு தனியாக விட்டுப்போக மனம் வராததால், அப்பாவும் மாமாவும் ஒன்றாகவே கிளம்பி ஒன்றாகவே வீட்டுக்கு வந்தார்கள். அம்மா இரண்டு தட்டுகளையும் முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். அப்பா கோலுக்குள் நிற்பார், மாமா உதைத்த இடத்தில் உட்காருவார். மற்ற ஆட்டங்கள் மைதானத்தின் மறுகோடியில் நடந்தன. புல் வெட்டுகிறவர் அந்த இடத்தை மட்டும் குனிந்து கடந்தார். மழை பெய்தால் பந்திலிருந்து ஒரே இடத்தில் நீர் சொட்டி, கீழே உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்தது. அம்மா வருடத்துக்கு ஒருமுறை ஈரத்துணியோடு வந்து பந்தைத் துடைப்பாள். துடைத்துவிட்டு, முழங்கை கோட்டுக்கு நேராக இருக்கும்படி கையை நீட்டிப் பார்ப்பாள். நடுவிரல் நுனி பந்தில் உரசும். சரியாக ஒரு முழம். இதற்குள் அச்சகத்தில் இயந்திரங்கள் மாறின, பணிமனைக்குப் புதுக் கூரை வந்தது, இரண்டு பேருக்கும் தலை நரைத்தது.

"என்ன அத்தான், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? ஸ்டூல் கொண்டு வரட்டா?"

"உன் முட்டி கிறீச்சுங்கிறது இங்க வரைக்கும் கேக்குது. பணிமனைக்கு வா மச்சான், கிரீஸ் வெச்சு விடுறேன்."

விளையாட்டில் கடவுள் தலையிடுவாரா என்று ஊரில் இரண்டு கட்சிகள் இருந்தன. கோல் விழாமல் காப்பாற்றினார் என்றது பணிமனை. வெளியே போகவிருந்த பந்தைத் தடுத்தார் என்றது அச்சகம். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, இவ்வளவு பெரிய உலகத்தை வைத்துக்கொண்டு கடவுளுக்குப் பந்தாட்டத்தில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று அந்த இடத்திலேயே நின்று ஒரு மணிநேரம் விளக்கினார். பேச்சு சூடேறியபோது தொப்பியைக் கழற்றிக் கவனமில்லாமல் பந்தின்மேல் வைத்தார். அவர் பேசி முடிக்கும்வரை தொப்பியும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில், துடைக்க வந்திருந்த அம்மாவிடம், கணவருக்காக வேண்டிக்கொண்டீர்களா தம்பிக்காகவா என்று கேட்டார்.

"பந்தைப் பத்தி நான் சாமிகிட்ட எதுவுமே சொல்லலைங்க. ரெண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரணும்னு கேட்டேன். அவ்வளவுதான்."

பேராசிரியர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் எதுவும் எழுதியதாகத் தெரியவில்லை.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. நடக்க முடியாமல் போனதும், மாமா நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்க் கோலுக்குள் வைத்தார். அதுவும் முடியாமல் படுத்த பிறகு ஒருநாள் அப்பா மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அது கோல்தான்டா. எனக்கு அன்னிக்கே தெரியும். நான் போனதும் தானா உள்ள போயிடும் பாரு. கப்பைச் சந்தோஷமா வாங்கிக்கோ."

"யாருக்கு வேணும் உங்க கோலு? பேசாம எந்திரிச்சு வந்து நில்லுங்க அத்தான்."

மைதானத்துக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் அப்பா இறந்தார்.

அம்மா அழுதாள். அதற்கு அடியில் ஒரு பயமும் இருந்தது, அதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இருவரும் வரவேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. இனி இருவர் இல்லை. பிடித்திருந்தவர் பந்தை விட்டுவிட்டால், அவள் கேட்டது தீர்ந்துபோனதாக அர்த்தம். அடக்கம் முடிந்த மாலை ஊரே மைதானத்தில் கூடியது. அச்சகக்காரர்கள் கோப்பையைத் துலக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். ஓய்வுபெற்றுவிட்ட தபால்காரர் விசிலோடு வந்தார். கோல் காலியாகக் கிடந்தது. பந்து சுழன்றுகொண்டிருந்தது.

மாமா கடைசியாக வந்தார். தான் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த இடத்தைக் கடந்து நேராகக் கோலுக்குள் போனார். அப்பாவின் கையுறைகளை மாட்டி, வலது நாடாவைப் பல்லால் கடித்து இறுக்கினார்.

"டேய், நீ எந்த அணிடா?" என்று கத்தினார்கள் அச்சகக்காரர்கள். பணிமனைப் பக்கமிருந்து, "அப்படியே தட்டி விட்டுடு!" என்று ஒரு குரல் வந்தது.

"அத்தானே தட்டலை, நான் தட்டுவேனா?" என்றார் மாமா. "அவர் வர்ற வரைக்கும் நிக்கிறேன். அவ்வளவுதான்."

இதற்கு விதி உண்டா என்று எல்லோரும் தபால்காரரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கூட்டமும் கலைந்தது. கோப்பையை வந்த வழியே எடுத்துப் போனார்கள்.

இருட்டுகிற நேரத்தில் அம்மா ஈரத்துணியோடு கோலுக்கு வந்தாள். "வாடா, சோறு ஆறுது," என்றாள் மாமாவிடம். இரண்டு தட்டுகளையும் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். பந்தைத் துடைத்தாள். கோட்டுக்கு நேராக முழங்கையை வைத்துக் கையை நீட்டினாள்.

அதே ஒரு முழம்தான் இருந்தது.