மாஸ்டருக்கு ஏற்ற வாக்கி-டாக்கி

நீச்சல் மாஸ்டருக்கு ஒரு காலத்தில் எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. குளத்தின் இந்தக் கரையில் நின்று ஓர் அதட்டல் போட்டால், அந்தக் கரையில் விளையாட்டுக் காட்டிக்கொண்டிருக்கும் பையன் விறைத்து நிற்பான். விடுமுறைக்கு, நீச்சல் பழகும் பிள்ளைகளின் குடும்பங்கள் நாலைந்தைச் சேர்த்துக்கொண்டு மலையேறப் போகும்போதும் அதே தொண்டைதான். அவர் முன்னால் வழி பார்த்துப் போவார். அவர் மனைவி, யாரும் பின்தங்கிவிடாமல், எல்லாருக்கும் கடைசியில் வருவாள். "இடது பக்கம் பாறை வழுக்கும்!" என்று அவர் முன்னால் கத்தினால், பின்னால் அவள் காலைப் பார்த்து வைப்பாள்.

போன மழைக்காலத்தில் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் போயிற்று. மிஞ்சியது வெறும் காற்றுதான். பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் கேட்கும். விசில் ஊதலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். விசிலால் 'நில்' என்று சொல்லலாம், எந்தப் பாறை வழுக்கும் என்று சொல்ல முடியுமா?

மாஸ்டர் யாரிடமும் புலம்பவில்லை. அடுத்த தடவை, குழுவில் கூட வருகிற பல் டாக்டர் முன்னால் நடக்கட்டும் என்று தாமே சொல்லிவிட்டார். பல் டாக்டர் தங்கமான மனுஷர். ஆனால் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லும் அதே வாயால்தான் 'இதோ வந்துட்டோம்' என்றும் சொல்வார். மாஸ்டரின் மனைவிக்கு வழியைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. ஒரு தடவை ஒதுங்கியவர் அப்படியே வீட்டோடு ஒதுங்கிவிடுவாரோ என்பதுதான் அவள் பயம்.

குழுவுக்கு வாக்கி-டாக்கி வாங்கும் பொறுப்பை மாஸ்டரிடமே விட்டிருந்தார்கள். கூடாரமும் முதுகுப்பையும் விற்கிற கடைக்கு மனைவியோடு போனார். கடைப்பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு பெட்டியில் முப்பது கிலோமீட்டர் கேட்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அது நடுவுல ஒண்ணுமே இல்லாத வெட்டவெளிக்கு, சார். மலையும் மரமும் குறுக்க வந்தா ரெண்டு கிலோமீட்டர் கேட்டாலே பெருசு" என்றாள் அவள். நேர்மையான பெண்.

மாஸ்டர் சட்டென்று மயங்குகிற ஆள் இல்லை. கையை நனைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு சேனல் மாற்றிப் பார்த்தார். கையுறை கேட்டு வாங்கி, அதோடும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார் என்று மனைவி நினைத்துக்கொண்டாள். கடைசியில் இருப்பதிலேயே உசத்தியானதைத் தொட்டுக் காட்டினார். காற்று, வண்டிச் சத்தம் எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டுப் பேச்சை மட்டும் அனுப்புமாம்.

ஒன்றை எடுத்துக்கொண்டு மனைவி தெருமுனைவரை போனாள். கடைப்பெண் பேசியது காதோரம் பேசுவதுபோல் பளிச்சென்று கேட்டது. அடுத்து மாஸ்டர் முறை. ஒன்றுமே வரவில்லை. இரைச்சல்கூட இல்லை.

திரும்பி வந்து, "நீங்க பேசவே இல்லையா?" என்றாள்.

"பேசினாரே, அக்கா. நான் பக்கத்துலதான நின்னேன்" என்ற கடைப்பெண் கொஞ்சம் யோசித்தாள். "சாரோட பேச்சுல காத்துதானே அதிகம்... அதையும் இரைச்சல்னு நினைச்சு வெட்டிடுது போல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் சத்தமில்லாமல் சிரித்தார். "பரவாயில்லம்மா. இதையே கட்டிக் குடு. டாக்டர் பேசுறது கடைசி ஆள்வரைக்கும் தெளிவா கேக்கணும். அதான் முக்கியம்."

தன்னை அழித்துவிடுகிற கருவியைத் தன் கையாலேயே தேர்ந்தெடுக்க ஒரு மனுஷனால் முடியுமா? மற்றவர்கள் பத்திரமாக நடக்கவேண்டும் என்பதற்காக இவரால் முடிந்தது. அந்த நிமிஷம் அவளுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. அவள் இரண்டையும் செய்யவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த ஒரு சாதாரண ஜோடியை எடுத்தாள்.

"அது பழைய மாடல், அக்கா. எல்லாச் சத்தத்தையும் அப்படியே அள்ளிக்கிட்டு வரும்."

"வரட்டும்" என்றவள், கணவரைக் கடைவாசலில் நிறுத்திவிட்டு மறுபடி தெருமுனைக்குப் போனாள். "பேசுங்க."

கொரகொரவென்று இரைச்சல் கொட்டியது. லாரி, ஹாரன், காற்று. அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். வண்டி நிறையப் பிள்ளைகள் கத்தும்போது, பின்சீட்டில் ஒன்று மட்டும் விசும்பினால் கண்டுபிடித்துவிடும் காது அவளுடையது. அந்தக் காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"கேக்காதுன்னு தெரியும்..." என்றது இரைச்சலுக்குள் ஒரு மூச்சு. "இருந்தாலும் சொல்றேன். பின்னாடி நீ வர்றங்கற தைரியத்துலதான் இத்தனை வருஷமும் நான் முன்னாடி நடந்தேன். இன்னமும் நடக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். "என்னங்க, சரியா காதுல விழல. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவள் குரல் கம்மியதிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். "கேட்டுச்சா?"

"ஒரு எழுத்து விடாம."

"எனக்கும் கேட்டுச்சு, அக்கா" என்று கடைப்பெண்ணின் குரல் குறுக்கே வந்தது. "கல்லாமேல இருக்கற செட்டும் ஆன்லதான் இருக்கு." பின்னால் யாரோ வாடிக்கையாளர்கள் சிரிப்பதும் சேர்ந்து கேட்டது.

மாஸ்டருக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் பொறுப்பை விடவில்லை. "இதுல இரைச்சல் ஜாஸ்தி. மத்தவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"காதைக் குடுத்துக் கேக்கட்டும்! பிள்ளைங்களுக்கு நீச்சல் கத்துக் குடுத்தீங்களே, அவங்க அப்பா அம்மாவுக்கு இது கூடவா முடியாது? வழி தெரிஞ்ச ஆளு பேசினா, இரைச்சலோட வந்தா என்ன, இருமலோட வந்தா என்ன?"

அவர் யோசிக்கிறாரா, மறுக்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"சரி" என்றார் மாஸ்டர். "டாக்டருக்கு நீயே போன் பண்ணிடு. அவரை நடுவுல நடக்கச் சொல்லு."